போகும் லைன் ஒன்று, திரும்பும் லைன் வேறு

கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்கூடம். அங்கிருந்த ஃபைபர் லைன் சாலை தோண்டும்போதெல்லாம் அறுந்துபோனதால், வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது லைன் வாங்கினார்கள். கிளை அலுவலகத்தார் கணக்கு மென்பொருளுக்குள் நுழைய அந்த லைனின் முகவரியையும் திறந்துவிட்டார்கள். அதன் வழியாக ஒருவராலும் நுழைய முடியவில்லை. புகார் போனது. லைன் கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் தம் ரவுட்டரிலிருந்து பிங் செய்து, அதாவது பதில் கேட்கும் ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறாமல் பதில் வந்தது. குறையில்லை என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார். இவர்கள் கைப்பேசி இணையத்திலிருந்து பிங் செய்தார்கள்; ஒரு பதிலும் இல்லை. லைன் செத்துக் கிடக்கிறது என்று மறுபடியும் புகார் எழுதினார்கள். இரண்டு நாள் இப்படியே போனது. மீடியா கன்வர்ட்டரை மாற்றினார்கள், பேட்ச் கார்டை மாற்றினார்கள், வலையின் வாசற்காவலான ஃபயர்வாலை மூன்று முறை அணைத்துப் போட்டார்கள்.

இரு தரப்பும் சொன்னது உண்மைதான். அதனால்தான் இரண்டு நாள் வீணானது.

லினக்ஸில் ஓடும் அந்த ஃபயர்வாலுக்கு வெளியுலகுக்குப் போகத் தெரிந்த வழி ஒன்றே: முதல் லைன். தனி வழி குறிக்கப்படாத எல்லாவற்றுக்குமான பொது வழி, அதாவது டீஃபால்ட் ரவுட், அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. பொறியாளரின் ரவுட்டர் இரண்டாவது லைனின் மறுமுனையில், அடுத்த வீடுபோல இருந்தது. அவருக்குப் பதில் அனுப்ப டீஃபால்ட் ரவுட் தேவையில்லை. பதில் வந்த கம்பியிலேயே திரும்பியது. கைப்பேசியோ தொலைவில் இருந்தது. அதன் பாக்கெட், அதாவது செய்தித் துண்டு, இரண்டாவது லைனில் வந்தது. பதில் முதல் லைனில் புறப்பட்டது. அந்தப் பதிலின் நெற்றியில் இரண்டாவது நிறுவனத்தின் முகவரி ஒட்டியிருந்தது. முதல் நிறுவனம் தன்னுடையதல்லாத அனுப்புநர் முகவரியைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டது. யாருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

இரண்டு லைனிலும் ஒரே நேரத்தில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டியதும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டாவது லைனின் திரையில் இணைப்பு கேட்கும் சின் பாக்கெட்டுகள் உள்ளே மட்டும் வந்துகொண்டிருந்தன. முதல் லைனின் திரையில் அதற்கு ஒப்புதல் சொல்லும் சின்-ஆக் பாக்கெட்டுகள் வெளியே மட்டும் போய்க்கொண்டிருந்தன, அடுத்தவர் முகவரியைச் சுமந்தபடி. சர்வரில், இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டால் இணைப்புகளெல்லாம் பாதி திறந்த நிலையில் வரிசையாக நின்றன. இரண்டு நாள் தேடியது இரண்டு நிமிடத்தில் கண்ணில் பட்டது. லைனைச் சோதிப்பவர்கள் லைனை மட்டும் பார்த்தார்கள். பதில் எந்த வழியில் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு அசிமெட்ரிக் ரவுட்டிங் என்று பெயர். பெயரைக் கேட்டதும் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். நோயே அல்ல. இணையம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. ரவுட்டர் பார்ப்பது பாக்கெட் போகவேண்டிய முகவரியை மட்டும்; அது எந்த வழியில் வந்தது, யார் அனுப்பியது என்பது அதற்கு வேண்டாத செய்தி. ஒவ்வொரு ரவுட்டரும் தனக்குத் தெரிந்த நல்ல வழியில் தள்ளிவிடுகிறது. போகும்போது ஒரு வரிசை ரவுட்டர்கள் முடிவெடுக்கின்றன, வரும்போது வேறொரு வரிசை. இரண்டு முடிவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வெர்ன் பாக்ஸன் 37 இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 40,000 முறை வழிகளை அளந்தார். 1995 இறுதியில் எடுத்த அளவுகளில் ஏறக்குறையப் பாதியில் போகும் வழியும் வரும் வழியும் குறைந்தது ஒரு நகரத்திலாவது வேறுபட்டிருந்தன. இணையம் அப்போது இன்றைவிட எவ்வளவோ எளிமையானது.

பெரிய நிறுவனங்களின் நடைமுறை இந்த வேறுபாட்டை இன்னும் வளர்க்கிறது. சூடான உருளைக்கிழங்கைக் கையில் வைத்திருக்க யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால் இதற்கு ஹாட் பொட்டேட்டோ ரவுட்டிங் என்று பெயர்: அடுத்தவர் வலைக்குப் போகவேண்டிய பாக்கெட்டைத் தனக்கு மிக அருகிலுள்ள சந்திப்பில் அவரிடம் கொடுத்துவிடுவது. இரு பக்கமும் இதையே செய்தால் போக்கும் வரவும் வெவ்வேறு சந்திப்பில்தான் கைமாறும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் இயங்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும் என்பதால் ஒரு வழிக்கு 16 மில்லிவினாடி. நம் லைன் பாக்கெட்டை இந்த வழியில் அனுப்புகிறது என்று வையுங்கள். சிங்கப்பூர் சர்வர் இருக்கும் வலையும் நம் சேவை நிறுவனத்தின் மேல்வலையும் ஐரோப்பாவில்தான் சந்திக்கின்றன என்றால், பதில் ஐரோப்பா போய் மும்பையில் இறங்கித்தான் சென்னைக்கு வரும். போய்வர 35 மில்லிவினாடியில் நிற்கவேண்டிய பிங் 150-ஐத் தாண்டும். சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து நம் ரவுட்டரை எவ்வளவு திருகினாலும் அது குறையாது, ஏனென்றால் சுற்றுவது பதில். உள்நாட்டுக்குள் போகவேண்டிய போக்குவரத்து வெளிநாடு சுற்றிவருவதைத் தவிர்க்கத்தான் 2003-ல் நிக்ஸி இணையச் சந்திப்பு தொடங்கப்பட்டது.

தாமதம் கூடும், ஆனால் எதுவும் உடையாது. அப்படியானால் எப்போது உடைகிறது? வழியில் நினைவாற்றல் உள்ள ஒன்று நிற்கும்போது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தெற்குக் கோபுரத்தில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கியவர் வடக்குக் கோபுரம் வழியாக வெளியே வந்து அங்கிருக்கும் காப்பகத்தில் டோக்கனை நீட்டினால் என்ன ஆகும்? டோக்கன் பொய்யில்லை. ஆனால் அந்தக் காப்பகத்தின் கணக்கில் அது இல்லை. ஃபயர்வாலும், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நேட்டும் இந்தக் காப்பகங்கள்தான். ஒரு இணைப்பு தொடங்கும்போது வரும் சின் பாக்கெட்டைப் பார்த்துக் கணக்கில் எழுதிக்கொள்கின்றன; பிறகு வருவதெல்லாம் அந்தக் கணக்கோடு பொருந்தவேண்டும். சின் ஒரு ஃபயர்வால் வழியாகப் போய், சின்-ஆக் வேறொன்றின் வழியாக வந்தால், இரண்டாவது அதை அத்துமீறல் என்றே எண்ணும். லினக்ஸ் அதைச் செல்லாதது என்று வகைப்படுத்தும். சிஸ்கோ ஏஎஸ்ஏ அப்படி ஒரு இணைப்பே இல்லை என்று பதிவில் எழுதிவிட்டுத் தள்ளும். பதிவேட்டில் இந்த வரியைப் பார்க்கும் பலர் யாரோ தாக்குகிறார்கள் என்று பயந்து விதிகளை இன்னும் இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். விதியில் பிழை இல்லை. அந்த ஃபயர்வால் உரையாடலின் பாதியை மட்டும் கேட்கிறது.

எல்லாவற்றிலும் அதிகமாக ஆட்களைக் குழப்புவது, பிங் நன்றாகப் போய் மென்பொருள் மட்டும் திறக்காமல் நிற்கும் நிலைமை. இது பெரும்பாலும் அலுவலகத்துக்குள்ளேயே உருவாகும் ஒரு முக்கோணம். கணினிகளுக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், ஃபயர்வால். கிளைக்குப் போகும் தனி லைனின் ரவுட்டரும் அதே லேனில், அதாவது அலுவலக உள்வலையில், இருக்கிறது. கிளைக்கான பாக்கெட் கணினியிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும். ஃபயர்வால் அதை அதே லேனில் உள்ள ரவுட்டரிடம் திருப்பிவிடும். கிளையிலிருந்து வரும் பதிலுக்கோ ஃபயர்வால் வேண்டாம். ரவுட்டர் கணினி இருக்கும் லேனிலேயே இருப்பதால் நேராகக் கொடுத்துவிடும். ஃபயர்வால் சின்னைப் பார்த்தது, சின்-ஆக்கைப் பார்க்கவில்லை, அடுத்து மூன்றாவது அடியான ஆக் வருகிறது. இது எங்கிருந்து வந்தது என்று தடுத்துவிடும். பிங்கில் இந்த மூன்றடிக் கைகுலுக்கல் இல்லை. ஒவ்வொரு கேள்வியும் விதிப்படி அனுமதிக்கப்பட்டுப் போகிறது, பதில் குறுக்குவழியில் வந்துசேர்கிறது. ஆகவே பிங் போகிறது என்பதை வைத்து வழி சரி என்று சான்றிதழ் கொடுக்கக்கூடாது. சில ஃபயர்வால்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கும்; பாதி திறந்த இணைப்பை அரை நிமிடம்போலப் பொறுத்துவிட்டுப் பிறகு வெட்டும். அங்கே, தொலைவிலுள்ள கணினிக்குக் கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் நன்றாகத் திறந்து, ஒரு கட்டளை தட்டி முடிப்பதற்குள் உறைந்துவிடும். இந்த முக்கோணத்துக்கு நல்ல மருந்து, கிளை ரவுட்டரைக் கணினிகள் இருக்கும் லேனிலிருந்து பிரித்து ஃபயர்வாலின் தனிக் காலில், அதாவது தனி இணைப்பு முனையில், கட்டுவது. போக்கும் வரவும் அப்போது ஒரே வாசல்தான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இணைப்பு திறந்து, சிறிய பக்கங்கள் வந்து, பெரிய பக்கமோ கோப்போ வரும்போது மட்டும் நின்றுவிட்டால் அது அனேகமாக எம்டியு எனும் பாக்கெட் அளவு வரம்பின் சிக்கல், இது அல்ல. கைகுலுக்கலே முடியவில்லையா, முடிந்த பிறகு நிற்கிறதா என்பதை முதலில் பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

தொழிற்கூடத்துக் கதையில் பதிலைக் கீழே போட்ட முதல் நிறுவனத்தின் மீது எனக்குக் குறை இல்லை. அவர்கள் செய்தது சரி. போலி அனுப்புநர் முகவரியோடு தாக்குதல் நடத்துவதைத் தடுக்க, வாடிக்கையாளருக்குக் கொடுத்த முகவரி அல்லாததை வாசலிலேயே தடுங்கள் என்று 2000-ல் வெளியான இணைய நடைமுறை ஆவணம் ஆர்எஃப்சி 2827 சொன்னது. இரண்டு நிறுவனங்களோடு இணைந்திருப்பவர்களை இது பாதிக்கும் என்பதையும் உணர்ந்து, அவர்களுக்காகவே 2004-ல் ஆர்எஃப்சி 3704 எழுதப்பட்டது. எல்லா நிறுவனங்களும் இந்தச் சல்லடையைப் போடுவதில்லை என்பதுதான் தொல்லை. சல்லடை இல்லாத லைனில் தவறான அமைப்பும் வேலை செய்யும். ஒரு நாள் அவர்கள் சல்லடை போடுவார்கள். நம் பக்கம் யாரும் எதையும் தொடாமலே எல்லாம் நின்றுபோகும். நேற்றுவரை ஓடியது என்ற வாக்குமூலத்தை வைத்து நம் அமைப்பு சரியானது என்று முடிவு கட்ட முடியாது.

இதே சல்லடை நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. லினக்ஸில் ஆர்பி ஃபில்டர் என்ற அமைப்பு உண்டு. மதிப்பு 1 என்றால், வந்த பாக்கெட்டுக்குப் பதில் அனுப்ப எந்த வழி சிறந்ததோ அந்த வழியாகவே அது வந்திருக்கவேண்டும். இல்லையெனில் லினக்ஸின் உள்மையமான கர்னல் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 2 என்றால் ஏதாவது ஒரு வழி இருந்தால் போதும். 0 என்றால் சோதனையே இல்லை. தொழிற்கூடத்தில் 1 இருந்திருந்தால் சின் பாக்கெட் சர்வர்வரைகூடப் போயிருக்காது. டிசிபிடம்ப் மட்டும் அதைக் காட்டும், ஏனென்றால் அது சல்லடைக்கு முன்னால் நின்று பார்க்கிறது. வெளிக்காலில் வருவது தெரிகிறது, உள்காலில் எதுவும் போகவில்லை, ஃபயர்வால் விதியிலும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். பொது அமைப்பிலும் அந்தந்தக் காலின் அமைப்பிலும் எது பெரிய எண்ணோ அதையே கர்னல் எடுத்துக்கொள்ளும். காலில் 0 என்று மாற்றிவிட்டுப் பொதுவில் 1-ஐ விட்டுவைத்து, ஏன் மாறவில்லை என்று திகைப்பவர்கள் பலர்.

தீர்வு ஒன்றும் மாயம் இல்லை. வந்த வாசலை நினைவில் வைத்து, பதிலை அதே வாசலில் அனுப்பவேண்டும். லினக்ஸில் இரண்டு லைனுக்கும் தனித்தனி ரவுட்டிங் அட்டவணை எழுதி, இரண்டாவது லைனில் வரும் புதிய இணைப்புக்கு கான்மார்க் கொண்டு குறியிட்டு, அந்த இணைப்பின் பதில் பாக்கெட்டுக்கு அதே குறியை மீட்டுக் கொடுத்து, குறி இருந்தால் இரண்டாவது அட்டவணையைப் பார் என்று விதி எழுதுகிறோம். மைக்ரோடிக் ரவுட்டரில் மேங்கிள் பகுதியில் இதே வேலை நடக்கிறது. பிஎஃப் என்ற வடிகட்டியை அடிப்படையாகக் கொண்ட ஃபயர்வால்களில் ரிப்ளை-டு என்ற ஒரே சொல் போதும். ஃபயர்வாலே பதில் சொல்லும் சேவைகளுக்கு, அதாவது அதன் சொந்த முகவரிக்கு வரும் விபிஎன், பிங் போன்றவற்றுக்கு, அனுப்புநர் முகவரியைப் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு விதியும் வேண்டும். இவ்வளவு செய்தும் வேலை செய்யவில்லை என்றால் ஆர்பி ஃபில்டரை மறுபடி பாருங்கள். கண்டிப்பான நிலையில் அது வழக்கமாக இந்தக் குறியைக் கணக்கில் எடுப்பதில்லை. 2-க்கு மாற்றவேண்டும்.

உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு வேறு வகைத் தொல்லை. இரண்டு லைனிலும் சுமையைப் பகிர்கிறோம் என்று ஒவ்வொரு இணைப்பையும் மாற்றி மாற்றி அனுப்பினால், ஒரே வங்கித் தளத்துக்கு ஒரே ஆள் இரண்டு முகவரியிலிருந்து போவதுபோல் தெரியும். வங்கி சந்தேகப்பட்டு வெளியே தள்ளும். ஊழியர்கள் கடவுச்சொல் தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி தட்டுவார்கள். இன்ன ஆள், இன்ன தளம் என்ற இணைக்கு எப்போதும் ஒரே லைன் என்று பகிர்வை மாற்றினால் தீரும்.

சொந்த முகவரித் தொகுதியும், இணையத்தில் நம் வலைக்கு அடையாளமான ஏஎஸ் எண்ணும் வாங்கி, வலைகள் ஒன்றுக்கொன்று வழிகளை அறிவிக்கும் பிஜிபி மொழியில் இரு நிறுவனங்களோடும் பேசும் அமைப்புக்கு வந்தால் களம் மாறுகிறது. வெளியே எந்த லைனில் போவது என்பது முழுக்க நம் கையில்: ஒரு வழிக்கு நாம் தரும் முன்னுரிமையான லோக்கல் பிரிஃபரன்ஸ் எண்ணை ஏற்றினால் போதும். உள்ளே எந்த லைனில் வரவேண்டும் என்பது ஊரார் கையில். நம்மால் குறிப்பு காட்டத்தான் முடியும். இரண்டாவது லைனில் நம் ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்ப ஒட்டி வழியை நீளமாகக் காட்டுவது எல்லோரும் முதலில் செய்வது. பல நேரம் அது பலிக்காது. பிஜிபி வழியின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே லோக்கல் பிரிஃபரன்ஸைப் பார்க்கிறது. தனக்குப் பணம் தரும் வாடிக்கையாளரின் வழிக்கு ஏறக்குறைய எல்லா நிறுவனமும் அதில் கூடுதல் மதிப்பு வைத்திருக்கும். பத்து முறை ஒட்டினாலும் அந்த நிறுவனத்தின் வலைக்குள் இருப்பவர்கள் நேராக நம் இரண்டாவது லைனிலேயே வருவார்கள். அந்த மதிப்பைக் குறைக்கச் சொல்லி வழி அறிவிப்போடு சேர்த்து அனுப்பும் கம்யூனிட்டி குறியீடுகள் இருக்கின்றனவா என்று அவர்களிடமே கேட்கவேண்டும். ஆர்எஃப்சி 1998 இந்த முறையை 1996-லேயே விளக்கிவிட்டது. இன்னொரு வழி, /23 தொகுதியை இரு லைனிலும் அறிவித்து, அதன் பாதியான ஒரு /24-ஐ ஒரு லைனிலும் மற்றதை அடுத்த லைனிலும் கூடுதலாக அறிவிப்பது. குறுகிய தொகுதிதான் எப்போதும் வெல்லும். /24-ஐவிடச் சிறியதை உலகம் பொதுவாக ஏற்பதில்லை என்பதால் ஒரே ஒரு /24 வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை.

இத்தனை செய்தும் போக்கும் வரவும் முழுக்க ஒன்றாகாது. இங்கே என் கருத்து உறுதியானது: ஒன்றாக்க முயன்று களைத்துப்போக வேண்டாம், நினைவுள்ள கருவியை இடம் மாற்றுங்கள். லைன்கள் வந்து முடியும் விளிம்பில் நினைவில்லாத வெறும் ரவுட்டர்கள் இருக்கட்டும். எந்த லைனில் வந்தாலும் போனாலும் எல்லாம் ஒன்றுசேரும் உள்இடத்தில் ஃபயர்வால் இருக்கட்டும். ஒரு லைனுக்கு ஒரு ஃபயர்வால் என்று வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டும் கணக்குகளைப் பரிமாறிக்கொள்ளும் என்று நம்புவது ஒரே அறையில் இருக்கும் இரட்டைக் கருவிகளுக்குச் சரி. இரண்டு ஊர்களில் இருந்தால், கணக்கு போய்ச் சேர்வதற்கு முன்பே சின்-ஆக் வந்துவிடும். டிசிபி நிலையைச் சரிபார்க்காதே என்று ஃபயர்வாலுக்குச் சொல்லிவிடுவது கடைசி வழி. செய்தால் எந்த இரு முகவரிகளுக்கு இடையே என்று எழுதிச் செய்யவேண்டும். மொத்தமாகச் செய்தால் ஃபயர்வால் வாங்கிய பணம் வீண்.

விளிம்பில் இரண்டு ரவுட்டர் வைத்து ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும் எச்எஸ்ஆர்பி ஓட்டுபவர்கள் சந்திக்கும் ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். கணினிகளின் போக்கு முதல் ரவுட்டரிலும் வரவு இரண்டாவதிலும் நடக்கிறது. இரண்டாவது ரவுட்டர், சிஸ்கோவின் முன்னிருப்பில், ஐபி முகவரிக்குரிய கருவியின் மேக் முகவரி எது என்ற ஆர்ப் பதிவை 4 மணி நேரம் வைத்திருக்கும். சுவிட்ச், அந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை 5 நிமிடத்தில் மறந்துவிடும். கணினியின் பாக்கெட் அந்த சுவிட்ச் பக்கம் வருவதே இல்லை என்பதால் மறந்தது மறந்ததுதான். இருப்பிடம் தெரியாத சுவிட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். அலுவலகம் முழுக்க வலை மந்தம், காரணம் தெரியாது. ஆர்ப் நேரத்தை மேக் நேரத்தைவிடக் குறைவாக வைத்தால் அடங்கிவிடும்.

தேடும்போது, வழியிலுள்ள ரவுட்டர்களை வரிவரியாகப் பட்டியலிடும் டிரேஸ்ரூட்டை நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம். 1988-ல் வான் ஜேக்கப்ஸன் எழுதிய அந்தக் கருவி காட்டுவது போகும் வழியை மட்டும். அதில் தெரியும் நேரமோ போய்வரும் மொத்த நேரம். ஒவ்வொரு ரவுட்டரின் பதிலும் வெவ்வேறு வழியில் திரும்பியிருக்கலாம். ஆறாவது வரியில் நேரம் எகிறினால் ஆறாவது ரவுட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். அங்கிருந்து திரும்பும் வழி மாறியிருக்கலாம். திரும்பும் வழியை இங்கிருந்தே காண்பதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2010-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அன்றாட வேலைக்கு அவ்வளவு வேண்டாம். மறுமுனையில் இருப்பவரிடம் தொலைபேசியில் சொல்லி, அங்கிருந்து நம் முகவரிக்கு டிரேஸ்ரூட் போடச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் தங்கள் வலையிலிருந்து யாரும் சோதித்துப் பார்க்கப் பெரிய நிறுவனங்கள் திறந்து வைத்திருக்கும் லுக்கிங் கிளாஸ் பக்கங்களோ, பல ஊர்களில் வைக்கப்பட்டிருக்கும் ரைப் அட்லஸ் அளவுக் கருவிகளோ உதவும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முழுப் பாதை.

எதுவும் உடையாமலே கெடுக்கும் ஒன்று கடிகாரம். கணினிக் கடிகாரங்களை வலைவழியே சரிசெய்யும் என்டிபி, நேரத்தைக் கணக்கிடும்போது போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. போக 20, வர 80 மில்லிவினாடி என்றால் கடிகாரம் 30 மில்லிவினாடி பிசகும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இரு கிளைகளின் பதிவுகளை ஒப்பிட்டு எது முதலில் நடந்தது என்று தேடுகிறவருக்கு அந்த 30 பெரிய எண்.

தொழிற்கூடத்தில் எல்லாம் சரிசெய்த பிறகு, ஊழியர்கள் வேலையில் இருக்கும்போதே முதல் லைனைக் கையால் பிடுங்கிப் பார்த்தோம். கணக்கு மென்பொருள் இரண்டாவது லைனில் வந்தது. உலாவிகள் ஒரு நிமிடத்தில் தேறின. இணையத் தொலைபேசிகள் மட்டும் ஊமையாகவே இருந்தன. அவை சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்பும் உயிர்ச்செய்தி, நேட் கணக்கிலிருந்த பழைய பதிவைக் காலாவதியாக விடாமல் காப்பாற்றிக்கொண்டே இருந்தது; அறுந்த லைனின் முகவரியோடுதான் ஒவ்வொரு பாக்கெட்டும் புதிய லைனில் வெளியேறியது, அங்கே சல்லடையில் விழுந்தது. லைன் விழுந்தவுடன் அந்த லைனுக்குரிய பதிவுகளை அழிக்கும் ஒரு வரியைச் சேர்த்து, மறுபடி பிடுங்கினோம். பத்து நொடியில் வரவேற்பறைத் தொலைபேசி அடித்தது.